எங்கள் அப்பாமாரும் சமூகக்கல்வி சேரும்

நூற்றாண்டு மலருக்கு எழுதித் தா, எழுதித் தா என்று மாதக்கணக்காக என்னைப் போட்டு அரிக்கிறீர்கள். நம் வகுப்புக் குழுவில் தினமும் யாராவது ஒருத்தர் கும்பிடும் படம் போட்டு ஞாபகப்படுத்துகிறார். பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாம், பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இனிய நினைவு தரவேண்டுமாம். நீங்கள் எழுதி அனுப்பிய ஐஸ்பழத்தையும் விளையாட்டுப்போட்டியையும் நாவல்பழம் திருடிய கதையையும் வாசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வரலாற்றுப் பக்கத்தையும் வாசித்தேன். கல்லடிக் கடலுக்குள் கிடக்கும் வெள்ளைக்காரப் போர்க்கப்பலுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இப்போது வெளிநாட்டுக்காரர் முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கிறார்கள் என்று படமும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கப்பலைப் பற்றி நமக்கு முதன்முதல் சொன்ன மனிதருக்கு அதில் ஒரு வரி இல்லை. ஆசிரியர்களின் படம் போட்ட பக்கத்திலும் அவர் இல்லை.

மறந்துவிட்டீர்கள் என்று சொல்லாதீர்கள். நம் வகுப்பில் ஒருத்தரும் மறக்கவில்லை. ஆகவே நான் அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இனிமை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

நாம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவர் வந்தார். வந்தாறுமூலைக்காரர். ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் எடுத்துவிட்டு, முதல் நியமனத்தில் நம் ஊருக்கு வந்தவர். வந்து சில மாதத்தில் தன் ஊரில் கலியாணம் முடித்தார், என் அப்பாவும் போயிருந்தார். பெரியவர்களுக்கு மாஸ்டர், நமக்குச் சேர். எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கினார். என் அப்பா போடியார், அதாவது வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலை வட்டையில் வயல் வைத்திருந்தவர். பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். வெளியூர் மாஸ்டர்மாருக்கு எங்கள் வீட்டில் இடம் கொடுப்பது வழமை. சேர் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிளில் ஊருக்குப் போவார். திங்கட்கிழமை காலை நேரே பள்ளிக்கு வருவார்.

அவரைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. சரியான பெருமைக்காரர். யாராவது கைதட்டினால் முகமெல்லாம் பல்லாகிவிடும். 'நேவிகேஷன்' என்று வாயை நிறைத்துச் சொல்லி, நம்மையும் பாட்டு மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். பின்னேரங்களில் அப்பாவோடு கூட்டாளியாக இருந்து முன்னூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவார். கள்ள விளையாட்டுத்தான். துருப்பு இருந்தால் மூக்கைச் சொறிவார், அப்பா விளங்கிக்கொள்வார். எதிரே இருந்தவர்கள் கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. அப்பா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. தண்ணீர் என்றால் சேருக்குப் பயம். தோணியில் ஏறச் சொன்னால், நாளைக்குப் பார்ப்போம் என்பார். அந்த மனிதர்தான் நமக்குக் கடற்பயணம் படிப்பித்தார்.

ஆனால் படிப்பித்தார். அதை ஒருத்தரும் இல்லையென்று சொல்ல முடியாது. தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்து, ஒரு நெட்டித் துண்டில் குத்தி, சாப்பாட்டுக் கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஊசி மெல்லத் திரும்பி நின்றது. நாம் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நடந்தோம், ஊசி அசையவில்லை. அந்தக் கோப்பையின் ஓரத்தில் எனாமல் உரிந்து கறுப்பாக இருந்ததும், தண்ணீரில் சோக்குத் தூள் மிதந்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. உங்கள் ஊர்க்காரர் வாவியின் இந்தக் கரையை எழுவான்கரை என்றும் அந்தக் கரையைப் படுவான்கரை என்றும் சூரியனை வைத்தே பேர் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கெல்லாம் திசை தவறவே தவறாது என்றார். நமக்கு அன்றைக்குத் தலை கால் புரியாத சந்தோஷம்.

இரண்டாம் உலக யுத்தம் புத்தகத்தில் நாலு பந்திதான். சேர் நம்மைக் கல்லடிக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டுபோய், கடலைக் காட்டி, அந்தா அதற்குள் ஒரு பெரிய கப்பல் கிடக்கிறது என்றார். விமானங்கள் வந்து குண்டு போட்டதைச் சொன்னார். கரையிலிருந்து பார்த்த சனத்துக்குப் புகை மட்டும்தான் தெரிந்ததாம். போர்க்காலத்தில் ஆளைக் கொல்வது குண்டு மட்டுமில்லை, நேரத்துக்குப் போய்ச் சேராத செய்தியும்தான் என்றார். நம் வகுப்பில் ஒருவன் எழும்பி, குண்டு போட்ட ஆட்கள் யார், செத்த ஆட்கள் யார், அதில் நம்முடைய ஆட்கள் யார் என்று கேட்டான். சேர், "நம்மட ஆக்கள் கரையில நிண்டு பார்த்த ஆக்கள்" என்றார்.

அந்த நேரம் நமக்கு மேலேயும் ஹெலி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் கேட்டால் சேர் பாடத்தை நிற்பாட்டுவார், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நம்முடைய யுத்தத்துக்குப் பாடம் இல்லை, சோதனையில் கேள்வியும் இல்லை.

இனி நம் அப்பாமாரின் கதைக்கு வருகிறேன். வயல் எல்லாம் படுவான்கரையில், வீடெல்லாம் எழுவான்கரையில். மாரி தொடங்கி வேளாண்மை வெட்டு முடியும்வரை ஆம்பிளைகள் விடிய முன்னரே தோணியில் அக்கரைக்குப் போவார்கள். அங்கே கரையேறியதும் தென்னோலைப் பந்தம், நாம் சூள் என்போமே, அதைக் கொளுத்தி மூன்று தரம் ஆட்டுவார்கள். இங்கே கரையில் நிற்கும் அம்மாமார் அந்த நெருப்பைக் கண்டபிறகுதான் வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவார்கள். நமக்கெல்லாம் காலைத் தேத்தண்ணி அந்தச் சூளுக்குப் பிறகுதான். பனிக்குளிரில் அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் நுழைந்துகொண்டு, சேற்று மணத்தோடு நின்ற அந்தக் காலைகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த மாரியில் காம்பிலிருந்து ஒலிபெருக்கி வந்தது. விடிய முன் தோணி இறக்கக்கூடாது, வாவிக் கரையில் நெருப்புக் காட்டக்கூடாது. எந்தச் சீருடைக்காரரின் காம்ப் என்று கேட்காதீர்கள், அந்த வருஷங்களில் சீருடையின் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. சூள் நின்றுபோயிற்று. வெளிச்சத்தில் போகிற தோணி தெரியத்தானே வேண்டும் என்றால், பாதி தூரம்வரைதான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியும் கரைச் சதுப்பில் அடர்ந்த கண்ணாப் பற்றைகளுக்குள் புகுந்து மறைந்துவிடும். பற்றைக்குள் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்தாரும் இருப்பார்கள், அந்தப் பக்கத்தாரும் இருப்பார்கள். போன ஆள் கரையேறினாரா, பிடிபட்டாரா, சுடுபட்டாரா என்பது பொழுதுபட அவர் திரும்பி வந்தால்தான் தெரியும்.

ஒரு நாள் அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி கரையைவிட்டு அசையவில்லை. பள்ளிக்குப் போகும்போதும் நின்றார், இடைவேளைக்கும் நின்றார், பின்னேரம் வெயிலில் மயங்கி விழுந்தார். மாமா பொழுதுபட மண்வெட்டியும் தோளுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். சத்தம் எங்கேயோ தூரத்திலாம். மாமி எழும்பி விளக்குமாற்றை எடுத்து மாமாவை வெளுத்து வாங்கியதை ஊரே பார்த்துச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. மாமி விழுந்ததைக் கண்டு ஓடிப்போய்த் தூக்கியவர் அவர்.

அடுத்த பாடத்தில் கண்ணாடியோடு வந்தார். சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி. கப்பல்காரர் பகலில் வெயிலைப் பிடித்து எப்படிச் செய்தி அனுப்புவார்கள் என்று முற்றத்தில் வைத்துக் காட்டினார். சூரியன் முகத்துக்கு நேரே இருக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் பிடிபடாது. ஆகவே காலையில் படுவான்கரையிலிருந்துதான் எழுவான்கரைக்குக் காட்டலாம். அப்போது நம்முடைய அம்மாமார் எப்படிப் பதில் காட்டுவது என்று நான் கேட்டேன். முடியாது புள்ள, அவர்கள் பார்க்க மட்டும்தான் முடியும் என்றார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடி பிடித்து மினுக்க நான் என்ன கூத்தாடியா என்று கேட்டார். அடுத்த நாள் காலை சவரக் கண்ணாடி தூணில் இல்லை. ரோஸ் நிற பிளாஸ்டிக் சட்டம், பின்பக்கம் ஒரு நடிகையின் படம். நானும் அம்மாவும் கரையில் நின்றோம். கண்ணாக்காட்டுக்கு மேலே, வரம்பில், பளிச் என்று ஒரு தரம். மறுகா ஒரு தரம். மறுகா ஒரு தரம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து சேருக்கு முதல் தேத்தண்ணியைக் கொடுத்தார், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு.

ஒரு கிழமைக்குள் ஊர் ஆம்பிளைகள் எல்லாருடைய மடியிலும் கண்ணாடி. கடையில் முடிந்துபோய், அப்பா டவுனுக்குப் போய் வாங்கி வந்து பங்கிட்டார். வெட்டுத் தொடங்கிய பிறகு காலையில் அக்கரை முழுக்கப் பளிச் பளிச் என்று இருக்கும். அது என்ர புருசன், இது உன்ர புருசன் என்று அம்மாமார் பிரித்துச் சொல்வார்கள். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அப்பா எழும்பி, "இது எங்கட மாஸ்டர்ர மூளை. அவர் இரிக்கிறவரைக்கும் எங்கட பொண்டுகளுக்கு நெஞ்சிடி இல்ல" என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். சேர் முகமெல்லாம் பல். உங்கள் வீடுகளிலிருந்து அவருக்கு எத்தனை தயிர்ச் சட்டி வந்தது, எத்தனை போத்தல் தேன் வந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழே அடுக்கினோம். நம் வகுப்புச் சுவரில் பெரிய மட்டையில் சூரியனையும் இரண்டு கரையையும் கண்ணாடியையும் வரைந்து, 'கண்ணாடிச் சமிக்ஞை' என்று தலைப்புப் போட்டு மாட்டினோம். நிறம் தீட்டியவர்களில் நானும் ஒருத்தி.

வெட்டு முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலை, காம்ப்காரரின் படகுக்கு அக்கரைக் கண்ணாக்காட்டிலிருந்து யாரோ சுட்டார்கள். படகில் வந்தவர்கள் செத்தார்கள். அந்த நேரம் வரம்பில் நம் அப்பாமாரின் கண்ணாடிகள் வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தன. காம்ப்காரர் அதைப் பார்த்து, சுட்டவர்களுக்குக் காட்டிய சைகை என்று எடுத்துவிட்டார்கள். பின்னேரம் ஒலிபெருக்கி வந்தது. கண்ணாடி காட்டியது யார் என்று விசாரணை, ஆம்பிளைகள் எல்லாரும் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும். சேர் முதல்நாளே ஊருக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அப்பாமார் கோயில் ஆலமரத்துக்குக் கீழே கூடியிருந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டிலின் மூலையில் குழி தோண்டி, கண்ணாடியை உள்ளே போட்டு மூடி, மேலே சாணத்தை அள்ளிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போ என்றார். கண்ணாடியை மட்டும்தான் ஒளிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை சேர் வழக்கம்போல வந்தார். வாசலில் என்னைக் கண்டு, சைக்கிளில் இருந்தபடியே ஒரு தகரப் பேணியைத் தந்தார். மனைவி சுட்ட அரியதரமாம், அம்மாவிடம் கொடு என்றார். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மைதானத்தில் ஏன் சனம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அதுக்கென்ன, கேட்டாச் சொல்லுவம்" என்றுவிட்டு, முழுக்கைச் சட்டையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு நடந்தார்.

நம்மையெல்லாம் வகுப்புக்குள் இருத்தினார்கள். மைதானம் ஜன்னலுக்கு நேரே. அப்பாமார் வரிசையாக நின்றார்கள். காம்ப் பெரியவர் நம் வகுப்புக்குள் வந்து சுவரைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், இதைப் படிப்பித்தது யார் என்றார். சேர் நான்தான் என்றார், இங்கிலீசில். பயப்படவில்லை. சோக்கை எடுத்துச் சூரியனை வரைந்து, கரையை வரைந்து, அவருக்கும் பாடம் நடத்தினார். அந்த மனிதர் கேட்டார் என்பதுதான் இன்றைக்கும் என் நெஞ்சைக் குடைகிறது. தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். மொழிபெயர்க்க வந்தவன் வரிசையின் முன்னால் நின்று உரத்துக் கேட்டான்.

"கரையேறினதைப் பொண்டாட்டிமாருக்குச் சொல்லத்தான் கண்ணாடி காட்டினதாம். காட்டினது நீங்கதானாம். மாஸ்டர் சொல்றார். ஓமா?"

சங்கத் தலைவர் என்று முதலில் அப்பாவைத்தான் கேட்டார்கள். அப்பா நிலத்தைப் பார்த்தார். சேர் அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல, "போடியார், பயப்படாமச் சொல்லுங்க. இது பிழையான வேலை இல்லையே" என்றார்.

"நாங்க வயல் செய்யிற சனம் ஐயா" என்றார் அப்பா. "மாஸ்டர் புள்ளயளுக்கு என்னத்தப் படிப்பிச்சாரெண்டு எங்களுக்குத் தெரியா."

அடுத்தவர் தெரியாது என்றார். அதற்கடுத்தவரும் தெரியாது என்றார். விளக்குமாற்றால் அடி வாங்கிய மாமாவும் தெரியாது என்றார். வரிசை முடியும்வரை அந்த ஒரு சொல்தான். சேர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடையில் எங்கேயோ பார்ப்பதை நிறுத்திவிட்டார். நம் வகுப்பில் நாலைந்து பேர் எழும்பினோம், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். இருங்கோ, இருங்கோ என்று கெஞ்சினார். அவரும் அழுதுகொண்டுதான் நின்றார்.

ஜீப்பில் ஏற்றினார்கள். அவ்வளவுதான்.

அம்மா சேருக்கும் சேர்த்து மத்தியானம் சோறு சமைத்தார். இறால் பொரியலும் மாங்காய்ச் சொதியும். கோப்பையில் போட்டு மூடி வைத்தார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று அப்பா சொன்னார். மாமா வந்து அதையே சொன்னார். படித்த மனிதர், அரசாங்க உத்தியோகம், இங்கிலீஷ் கதைக்கிறவர், அவரை என்ன செய்யப்போகிறார்கள், எங்களைப் போல நாலெழுத்துத் தெரியாத சனம் என்றால்தான் கேள்வி கேட்பாடு இல்லாமல் போய்விடும் என்றார்கள். அதை உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். உத்தியோகத்துக்கு அப்படி ஒரு மந்திரசக்தி இருப்பதாக நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை. பொழுதுபட அம்மா அந்தச் சோற்றை மாட்டுக்கு வைத்தார். அரியதரப் பேணியை எங்கள் வீட்டில் யாரும் திறக்கவில்லை. எறும்புதான் உள்ளே போய்த் தின்றது.

அந்தக் கிழமையே சேரின் மனைவி வந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, எங்கள் வாசலில் வந்து நின்றார். "போடியார் வந்து ஒரு சொல் சொன்னாக் காணுமாம், விடுவாங்களாம். காம்பில சொல்றாங்க" என்றார். அப்பா காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. அம்மா சேரின் மனைவிக்குச் சாப்பாடு போட்டார். அவர் சோற்றை அளைந்துகொண்டு, போடியாருக்குச் சுகம் வந்ததும் வரச் சொல்லுங்கோ அக்கா என்றுவிட்டுப் போனார். போகும்போது அப்பாவுக்குக் கசாயம் எப்படி வைப்பது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சேர் வரவேயில்லை. புது டீச்சர் வந்து நாலு பந்தியையும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். சோதனையில் அந்தக் கப்பல் காலத்து யுத்தத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. சேர் சொன்னதையெல்லாம் எழுதினேன். சமூகக்கல்வியில் எனக்கு அதிவிசேட சித்தி. அப்பா ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

அன்றைக்கு ஓம் என்று சொல்லியிருந்தால் நம் அப்பாமாரையும் ஏற்றியிருப்பார்கள், நாம் அப்பா இல்லாத பிள்ளைகளாக வளர்ந்திருப்போம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். நானும் அதைச் சொல்லித்தான் வருஷக்கணக்காக மனதை ஆற்றிக்கொண்டேன். அம்மா சாகிற வருஷம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு மற்றதைச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவிடம், மாஸ்டருக்கு ஒரு சொல் அனுப்புவோமா, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்வோமா எனக் கேட்டாராம். ஆலமரத்துக்குக் கீழே அதையும் பேசித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். அனுப்பக்கூடாது. அவர் வராவிட்டால் கேள்வி முழுக்கத் தங்கள் தலையில் விழும். அவர் வரவேண்டும், வந்து அவரே சொல்லட்டும். நம் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டே வரவிட்டார்கள். திங்கட்கிழமையை என்னால் மன்னிக்க முடியும். துவக்குக்கு முன்னால் நிற்கிறவனிடம் வீரம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் துவக்கு நீட்டவில்லையே.

யுத்தம் எல்லாம் முடிந்து, காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு ஆணைக்குழு வந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அப்போது வெளிநாட்டில். சேரின் மனைவி முறைப்பாடு கொடுத்திருந்தார். தன் பக்கச் சாட்சியாக அவர் கொடுத்தது என் அப்பாவின் பேரை. இத்தனை வருஷமும் அப்பாவை அவர் நல்ல மனிதர் என்றே நினைத்திருந்திருக்கிறார். தன் புருசனுக்குச் சோறு போட்ட வீடு என்ற மரியாதை.

அப்பா வெள்ளை வேட்டி கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஓட்டோவுக்குள் நான் கெஞ்சினேன். இனி யாருக்கு அப்பா பயம், ஒரு சொல், நாங்கள்தான் காட்டினோம் என்று ஒரே ஒரு சொல் என்றேன். ம் என்றார். உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். விசாரிக்க வந்த ஐயா மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நாங்க வயல் செய்யிற சனம் ஐயா. மாஸ்டர் புள்ளயளுக்கு என்னத்தப் படிப்பிச்சாரெண்டு எங்களுக்குத் தெரியா."

ஒரு எழுத்து மாறவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயம் போய்விட்டது, காம்பும் போய்விட்டது, பொய்யை மட்டும் அவரால் விட முடியவில்லை. இப்போது ஓம் என்றால் அப்போது சொன்னது என்ன என்று ஊர் கேட்குமே.

நான் எழும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை, குழியை, கடைசியில் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அந்த ஐயா பேனையைக் கீழே வைத்துவிட்டு, அப்போது உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டார். பதினான்கு என்றேன். சின்னப்பிள்ளையாக இருந்திருக்கிறீர்கள், பெரியவர் இங்கே இருந்து சொல்லும்போது நான் எதை எடுப்பது, நீங்களே சொல்லுங்கள் என்றார். ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் சேரின் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் மகன். அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை, இப்போது அன்றைய சேரைவிட வயது கூடியவன். வெளியே விறாந்தையில் அப்பா வாங்கில் இருந்தார். சேரின் மனைவி வந்து எதிரே நின்றார். ஞாயிற்றுக்கிழமையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருக்கிறார். சத்தம் போடவில்லை.

"எங்கட கலியாணத்துக்கு வந்தீங்கதானே. வந்தாறுமூலைக்கு வழி தெரியும்தானே ஐயா?" என்று கேட்டார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் மகள்" என்றார்.

"அப்ப சரி" என்றார் அவர். மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். வாயில் வைத்த சோறு இறங்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே மெலிந்துபோனார். டொக்டர்மார் ஒரு வருத்தமும் இல்லை என்றார்கள். அன்றைக்கு அந்த மனுசி ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றிச் சாபம் போட்டிருந்தால், அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்.